கதவைத் தட்டாத தண்டல்

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் தண்டல் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். பேச்சு 10,000 ரூபாய் கடன், கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலமானால் தண்டல்காரர் வண்டியில் வந்து நிற்பார். காசைக் கொடுத்தால் அட்டையில் ஒரு கிறுக்கல் கிறுக்குவார். கொருக்குப்பேட்டையில் காய்கறி போடுகிறவர்கள், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர்கள் பலருக்கும் முதல் புரளுவது இப்படித்தான். வட்டியைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனால் ஒன்று, தண்டல்காரர் நேரில் வருகிறார். இன்றைக்கு யாவாரம் இல்லை, நாளைக்கு வா என்று சொல்ல முடிகிறது. சண்டை போடவும் முடிகிறது. எத்தனை நாள் பாக்கி என்பது அட்டையில் இருக்கிறது, நூறாவது நாள் கணக்கு தீர்ந்தும் போகிறது.

நான் தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். கன்டெய்னர் குறித்த நாளுக்குள் வெளியே போகவில்லை என்றால் நாளுக்கு இவ்வளவு என்று ஏறுமே, அந்தக் கட்டணங்களோடுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில், போன டிசம்பரில் வீட்டில் போன், நெட், ஆப் என்று போகிற பணத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். எல்லாமே வருஷக் கணக்கில். மாசம் 149 என்றால் யாருக்கும் உறைக்காது. வருஷம் 1,788 என்று எழுதினால் என் மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

முதலில் ரீசார்ஜ். ப்ரீபெய்டில் ஒரு மாசம் என்று நாம் வாய்தவறிச் சொல்வது 28 நாள். 12 தடவை போட்டால் 336 நாள்தான் ஓடும். மிச்ச 29 நாளுக்குப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் வேண்டும். எங்கள் வீட்டில் நான், மனைவி, காலேஜ் படிக்கும் மகள், அம்மா என்று நாலு நம்பர். நாலு பதின்மூன்று ஐம்பத்திரண்டு. வாரத்துக்கு ஒரு ரீசார்ஜ்! வாரா வாரம் ஒருவர் வாசலில் நின்று கேட்டால் இதென்ன கொடுமை என்று தெருவே பேசும். வேறு வேறு தேதியில் வேறு வேறு போனில் மெசேஜாக வருவதால் யாரும் பேசுவதில்லை. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் விலை ஏற்றியபோது, தினம் 1.5 ஜிபி கொடுக்கும் திட்டம் ஒன்று 239-லிருந்து 299 ஆனது. 60 ரூபாய் தானே என்றார்கள். நாலு போன், பதின்மூன்று தடவை, ஆக 3,120.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாசா மாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும். ஆப்பைத் திறந்ததும் அது கண்ணில் படாது, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். திட்டத்தை எடைபோட விலையை நாளால் வகுத்தால் போதும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் 84 நாள், 365 நாள் திட்டங்களில்தான் நாள் விலை குறைவு. மொத்தமாகக் காசு வைத்திருப்பவனுக்கு மலிவு, சில்லறையாக வாங்குகிறவனுக்குக் கிராக்கி என்பது ரேஷன் கடை தவிர மற்ற எல்லாக் கடையிலும் உள்ள பழைய வழக்கம். செல்போன் வந்தும் அது மாறவில்லை.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நெட்டே இல்லாத அந்தப் போனுக்கும் டேட்டாவோடுதான் ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் டிராய் விதியை மாற்றியது: பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கு 365 நாள் வரை காலம் கொடுக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட திட்டங்கள் கிடைக்கின்றன. ரீசார்ஜ் கடையில் தம்பி தானாகச் சொல்ல மாட்டார். "டேட்டா வேணாம், வாய்ஸ் மட்டும்" என்று கேட்டால் தேடிப் போட்டுக் கொடுப்பார். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இதை மட்டுமாவது இன்றைக்கே பாருங்கள்.

அம்மா அந்த போனில் பேசுவது பெரும்பாலும் திருவொற்றியூரில் இருக்கும் அத்தையிடம்தான். அந்த சிம்மை விட்டுவிடலாமே என்றால் முடியாது. பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான் கட்டிப்போட்டிருக்கிறது. ஓடிபி வாங்குவதற்காகவே ஒரு சிம் உயிரோடு இருக்கிறது. இப்படி ரெண்டாவது சிம் ஒன்றுக்குத் தண்டமாக அழுகிறவர்கள் அநேகம் பேர். அதை விடுவதாக இருந்தால் முதலில் பேங்க்கிலும் ஆதாரிலும் நம்பரை மாற்றுங்கள், அப்புறம்தான் சிம்மை விட வேண்டும். கைவிட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் பேங்க் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

டேட்டாவுக்கு வருகிறேன். 2016-க்கு முன்னால் ஒரு ஜிபி 200 ரூபாய்க்கு மேல், அதையும் மாசம் முழுக்க வைத்துத் தேய்ப்போம். மெயில் வந்ததா என்று பார்த்துவிட்டு டேட்டாவை அணைத்துவிடுவோம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, அடுத்த வருஷம் மார்ச் 31 வரை இலவசம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க நிற்கிற கூட்டத்தைவிட சிம்முக்கு நின்ற கூட்டம் பெரிது. அப்போது வந்த இன்னொரு பழக்கம் இந்தத் தினக்கணக்கு. இவ்வளவு ஜிபி ஒரு நாளைக்கு, ராத்திரி 12 மணிக்கு மிச்சம் இருப்பது காலாவதி. அதனால் என்ன நடக்கிறது? ராத்திரி பதினொன்றரைக்கு மகள் வந்து, "அப்பா, உன்னோடதுல ஒரு ஜிபி கிடக்குது, வேஸ்ட்டா போவும், ஹாட்ஸ்பாட் போடு" என்கிறாள். தேவைக்குப் பார்த்த காலம் போய், தீர்ப்பதற்காகப் பார்க்கிறோம். மொட்டை மாடிகளில் அந்த நேரத்தில் தெரிகிற நீல வெளிச்சத்தில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் சந்தேகம்.

அப்படிப் பார்க்கும் ரீல்ஸில் எங்கள் ஊர் வருவதே வேடிக்கை. ஒன்று, பின்னால் பாட்டு ஓட அரிவாள் மாதிரி ஏதோ ஒன்றைக் காட்டும் பையன்கள். இல்லாவிட்டால் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, "ப்பா, வேற லெவல்" என்று கண்ணை மூடும் வ்ளாகர்கள். ஆபீஸ் முடிந்து அந்த வழியாகத்தான் நடந்து வருகிறேன். அத்தோ போடுபவர் காவி நிற நூடுல்ஸையும் முட்டைக்கோசையும் வெறும் கையால் பிசைந்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பு ஊற்றித் தருவார். கேமரா வந்து நின்றால் அந்த ஒரு தட்டு மட்டும் பத்து நிமிஷம் ஆகும், பின்னால் நிற்கிற எங்களுக்குப் பசி. புது வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். அவளைப் பற்றி என் போனில் வந்தது ரெண்டே நாள். அரிவாள் தினமும் வருகிறது.

சரி, ஆட்டோபே, அதாவது நம் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகிற ஏற்பாடு. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இதற்காகத்தான்.

கீழ் வீட்டில் இருக்கும் அக்கா விடியற்காலையில் காசிமேடு ஏலத்தில் மீன் எடுத்து வந்து தெரு முனையில் விற்கிறார். தராசுக்குப் பக்கத்திலேயே பணம் வந்தால் கத்துகிற சவுண்ட் பாக்ஸ், அதற்கு மாச வாடகை தனி. ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "அண்ணா, அது பாட்டுக்குத் துட்டு எடுத்துகினு கீது. இன்னான்னு பாரு." ஸ்டேட்மென்டைப் பார்த்தால் மாசா மாசம் ஒரே தேதியில் ஒரு தொகை. ரெண்டு நிமிஷ எபிசோடாக வரும் குட்டி சீரியல் ஆப் ஒன்று. முதல் தடவை 1 ரூபாய்தான் கேட்டது, அவரும் பின் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார். "அந்த ஆப்பத்தான் எப்பவோ தூக்கிட்டேனே" என்றார்.

ஆப்பைத் தூக்கினால் ஆட்டோபே போகாது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. அனுமதி இருப்பது ஆப்பில் இல்லை, நம் பேங்க் கணக்கில். யுபிஐ ஆப்பில் நம் படத்தைத் தொட்டு உள்ளே போனால் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும். அதில் நடப்பில் உள்ளவை எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து ரத்து செய்து பின் நம்பர் போட்டால் முடிந்தது. அக்கா போனில் சீரியலோடு ஒரு ஜோசிய ஆப்பும் உட்கார்ந்திருந்தது. யுபிஐ ஆப் ரெண்டு மூன்று வைத்திருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தது என்றால் பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் இருக்கும், கார்டில் கொடுத்திருந்தால் பேங்க் பக்கத்தில்.

1 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளும் அந்தத் திரையில் இன்னொரு வரி இருக்கிறது: இந்தத் தேதி வரை, அதிகபட்சம் இவ்வளவு ரூபாய் வரை. பொடி எழுத்து. நாம் பின் நம்பர் போடுவது அந்த வரிக்குத்தான், 1 ரூபாய்க்கு இல்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவல் வரத்தான் செய்கிறது, லோன் வேண்டுமா, ஆஃபர் வேண்டுமா என்று வரும் முப்பது மெசேஜுக்கு நடுவில். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்க வேண்டியதும் இல்லை. தண்டல்காரருக்கு அக்கா ஒரு நாளும் பயந்ததில்லை, வாசலிலேயே நிறுத்திப் பேசுவார். இதை எங்கே நிறுத்தி வைத்துப் பேசுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பை நிறைய சங்கரா மீன் வந்தது, அது வேறு விஷயம். (நாம் அனுமதியே கொடுக்காமல் பணம் போயிருந்தால் அது திருட்டு. உடனே 1930-க்குப் போன் போட வேண்டும், நாள் தள்ளக் கூடாது.)

இன்னொரு தொகை சத்தமில்லாமல் உள்ளே வரப் பார்த்தது. மனைவி போனில் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, மாசம் நூற்றுச் சொச்சம் கட்டினால் இடம் தருகிறோம் என்று அறிவிப்பு. கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன, பிற்பாடு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்தது. அப்படி என்னதான் நிரம்பியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பார்த்தோம். சொந்தக்காரர் குரூப். காலை வணக்கம், ரோஜாப்பூ, காபி கப், முருகர், சிவாஜி பேசுகிற மாதிரி யாரோ செய்த வீடியோ. பெரியப்பா விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடுவார். அவர் அனுப்பும் ரோஜாப்பூவைப் பத்திரப்படுத்த நாங்கள் மாச வாடகை கட்டியிருப்போம். 5 எம்பிக்கு மேலே உள்ளவை என்று தனியாகக் காட்டும், அதை அழித்தோம். பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று வைத்தோம், மீடியா தானாக இறங்குவதை நிறுத்தினோம். இடம் தாராளமாக இருக்கிறது. பெரியப்பாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மெசேஜ் வந்தால்தான் அவர் எழுந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

ரிப்பேர் விஷயத்தில் வடசென்னைக்காரனுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, பர்மா பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. மகள் போன் விழுந்து கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. கம்பெனி சர்வீஸில் முழு டிஸ்ப்ளேவும் மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகைக்குப் பழைய போன் ஒன்றே வாங்கலாம். பஜாரில் பையன் விரலால் திரையைத் தடவிப் பார்த்தார். "டச் ஒர்க் ஆவுது, கலர் கரெக்டா கீது, கிளாஸ் மட்டும் போட்டா போதும் சார்." போனைச் சூடான தட்டில் வைத்தார். பசை இளகியதும் முடி மாதிரி மெல்லிய கம்பியைக் கண்ணாடிக்கும் உள் திரைக்கும் நடுவில் விட்டு, ரெண்டு கையாலும் இழுத்து அறுத்துக்கொண்டே வந்தார். மூச்சு விடவில்லை, நானும்தான். கம்பி கொஞ்சம் சாய்ந்தால் உள் திரை காலி. பழைய பசையை விரலாலேயே உருட்டி எடுத்துத் துடைத்து, புதுக் கண்ணாடியை ஒட்டினார். கேட்ட தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: டச்சும் கலரும் சரியாக இருந்தால் கண்ணாடி மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த முழு காம்போ மாற்றினால் ஒரிஜினலா காப்பியா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். காப்பி போட்டால் சில போனில் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது. திறந்து மூடிய போனில் தண்ணீர்த் தடுப்பு இருக்காது, மழையில் நனைக்காதீர்கள். லாக் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங் போன்களில் மெயின்டெனன்ஸ் மோட் என்று இருக்கிறது, போட்டுக் கொடுத்தால் நம் படமும் மெசேஜும் தெரியாது. அப்புறம், கடல் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு: சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உப்புக் காற்றில் சார்ஜிங் துளை பச்சை பிடித்திருக்கும், சுத்தம் செய்தாலே சரியாகிறது.

பத்து நிமிஷ டெலிவரி பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. தக்காளி விலையைப் பார்க்காமல் கடைசி பில்லில் ஹேண்ட்லிங், டெலிவரி, மழைக்குத் தனி என்று சேர்வதைப் பாருங்கள், அவ்வளவுதான். அண்ணாச்சி கடை எங்கள் வீட்டிலிருந்து செருப்பு மாட்டும் நேரத்தில் வந்துவிடும்.

அண்ணாச்சியைச் சொன்னதும் மிக்ஜாம் புயல் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் முதல் வாரம், வடசென்னையில் பல இடத்தில் நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. போனில் பணம் இருந்தும் பால் வாங்க முடியாமல் நின்றவர்களை அந்த வாரம் பார்த்தேன். சவுண்ட் பாக்ஸ் எல்லாம் செத்துக் கிடந்தது. அண்ணாச்சி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீள நோட்டில் பெயர் எழுதி அரிசியும் பாலும் கொடுத்தார். அதிலிருந்து வீட்டில் 2,000 ரூபாய் ரொக்கமாக இருக்கும், 500 ரூபாய் நோட்டாக இல்லாமல் பத்தும் ஐம்பதும் நூறுமாக. மழைக்காலத்துக்கு முன்னால் தெருவில் எல்லோரும் இதைச் செய்துவிட்டால் நல்லது. அவசரத்தில் சில்லறை கேட்டால் யாரிடமும் இருக்காது.

நோட்டில் கடைசி வரி மகளுடையது. இந்த ஏஐ ஆப்கள். 2025 ஜூலையில் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ஒரு வருஷம் இலவசம் என்றார்கள், அக்டோபரில் ஜியோவோடு ஜெமினி 18 மாசம், நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம். மகள் புராஜெக்ட், ரெஸ்யூமே எல்லாம் அதில்தான் செய்கிறாள், அவள் தமிழில் அனுப்பும் லீவு லெட்டர்கூட என் லெட்டரைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் 2016-ல் வரிசையில் நின்ற கால்கள் எனக்கு. இலவசத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு என்று தெரியும். ஒரு பக்கம் அதன் விலை ஏற்கெனவே வந்தும்விட்டது. ஆபீசில் பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் மெமரி கூட்டலாம் என்று விசாரித்தால், 2025 கடைசியிலிருந்து விலை எங்கேயோ போய்விட்டது. ஏஐக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளுவதால் நமக்கு வருவது குறைகிறது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விற்றுவந்த ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. மகள் போனில் ஃப்ரீ, என் ஆபீசில் பில்.

அவள் எந்தெந்தத் தேதியில் சேர்ந்தாள், எது எப்போது முடிகிறது என்று கேட்டு, முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். மறக்காமல் ஆட்டோபேயை ரத்து செய்வதற்கு. அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்குள்ள வேற ஒண்ணு ஃப்ரீயா வந்துடும்பா. அதுல மாறிக்குவேன்." இந்தக் கணக்கை என் நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.